ஒரு மடித் தவிடும் ‘கிட்டிங்’ என்ற சொல்லும்

1

மூன்று மாசத்துக்கு முந்தி துரைசாமியின் பள்ளிக்கூடத்திலிருந்து என்னை நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். துரைசாமி என் மகன். பதிமூன்று முடிந்து பதினாலு நடக்கிறது. எங்கள் ரப்பர் பால்மரத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளிலிருந்து டவுன் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஏறிப் போகிற ஒன்றிரண்டு பையன்களில் அவனும் ஒருவன். மேல்வகுப்புக்கு ஏற்ற வேண்டுமானால் தகப்பன் வந்து, இவன் என் பிள்ளைதான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். சட்டமாம். முந்தின நாளே சட்டையைத் துவைத்துக் காயப்போட்டு, மழை வந்து நனைத்துவிடுமோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹெட்மாஸ்டர் வெள்ளைக்காரர். மேசைக்கு அந்தப்புறம் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, இவன் உன் மகன்தானா என்று கேட்டார். அந்த அளவு இங்கிலீஷ் எனக்குப் புரியும். நான் நிமிர்ந்து நின்று சொன்னேன்:

“எஸ் சார். மை சன். கிட்டிங்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “கிட்டிங்?”

“எஸ் எஸ். கிட்டிங் சார். கிட்டிங்.”

பக்கத்தில் நின்ற எழுத்தர் வாயைக் கையால் மூடிக்கொண்டார். ஹெட்மாஸ்டர் முகம் சிவந்து, மகனா இல்லையா, ஒன்றைச் சொல் என்கிற மாதிரி ஏதோ கேட்டார். துரைசாமி குறுக்கே புகுந்து மடமடவென்று என்னமோ பேசினான். பிறகு அவர் சிரித்துவிட்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார்.

பள்ளிக்கூட வாசல் தாண்டும் வரைக்கும் பையன் என் பக்கம் திரும்பவே இல்லை. பஸ் நிற்கிற இடத்தில்தான் வாயைத் திறந்தான்.

“அப்பா, அந்த வார்த்தைய இனிமே யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

“ஏஞ்சாமி? கிட்னா குழந்தைதானே?”

“கிட்னா குழந்தை. ஆனா கிட்டிங்னா, சும்மா சொன்னேன், வெளையாட்டுக்குச் சொன்னேன்னு அர்த்தம். ஒருத்தர ஏமாத்திச் சிரிக்கிறதுக்கும் அதான் வார்த்த. இவன் என் மகன், சும்மா சொன்னேன், அப்படின்னு அவர்கிட்ட சொல்லிட்டு வந்திருக்கீங்க!”

அவன் அவமானத்தில் பேசினான். எனக்கு அவமானமாகத் தோன்றவில்லை. பஸ் வந்து நின்றதும் தெரியவில்லை. கண்டக்டர் கத்தினதும் தெரியவில்லை. தலையில் கல் விழுந்த மாதிரி நின்றேன். அந்த வார்த்தையை நான் எங்கே கற்றேன், யார் வாயிலிருந்து கற்றேன், அன்றைக்கு அது யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்பதெல்லாம் ஒரே நொடியில் கண் முன்னால் வந்துவிட்டது.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே உள்ளவர்களிடம் சொன்னால் பாதி கதைதான் விளங்கும். மீதிப் பாதி சேந்தமங்கலத்துப் பக்கத்துக்காரர்களுக்குத்தான் விளங்கும்.

2

நான் நாலாம் வகுப்புப் பாதியில் நின்றவன். அந்த வருஷம் கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. கவலை கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற மாட்டை ஓட்ட ஆள் வேண்டும் என்று அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். இங்கிலீஷ் புத்தகத்தில் படம் போட்ட பக்கங்கள் மட்டும்தான் முடிந்திருந்தன. ‘கிட்’ என்ற சொல்லுக்கு நேரே ஓர் ஆட்டுக்குட்டி, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். என் இங்கிலீஷ் அந்தக் குட்டியோடு நின்றுபோனது.

அதே வருஷம்தான் என் அண்ணன் சம்சாரம் குழந்தை விற்றாள்.

எங்கள் பக்கம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். இங்கே பிறந்த பிள்ளைகளும் படிக்கட்டும் என்று விளக்கிச் சொல்கிறேன். முந்திப் பிறந்தவை தங்காமல் போய்விட்டால், அடுத்ததைத் தவிட்டுக்கு விற்பார்கள். இது இவர்கள் குழந்தை இல்லை, விலைக்குப் போன குழந்தை என்று எமன் ஏமாந்து போக வேண்டும். வாங்குகிறவள் சொந்தக்காரியாக இருக்கக் கூடாது; எவ்வளவு அந்நியமோ அவ்வளவு நல்லது. நங்கை, அதாவது என் அண்ணன் சம்சாரம், செக்குக்காரர் வீட்டு அம்மாவிடம் முறத்தில் குழந்தையைப் போட்டுக் கொண்டுபோனாள். தெருவே கூடி நின்றது.

“என்ன ஆத்தா, எலிக்குஞ்சாட்டம் இருக்குது? இதுக்கு ஒரு வள்ளம் தவிடா?” என்றாள் செக்குக்காரம்மா.

“எலிக்குஞ்சுதானுங்க. வேணும்னா எடுத்துக்கங்க. இல்லாட்டி குப்பையில வீசிப்போட்டுப் போறேன்.”

“மூக்கப் பாரு, சொத்தைக் கத்திரிக்காயாட்டம். அரை வள்ளம் தாரேன்.”

“அரை வள்ளத்துக்கு இதோட அழுகை மட்டுந்தானுங்க வரும்!”

தெருவே சிரித்தது. நங்கையும் சிரித்துக்கொண்டே முறத்தை நீட்டினாள். நான் அண்ணனிடம், “சும்மாதானே விக்கிறாங்க?” என்று கேட்டேன். பளாரென்று அறைந்துவிட்டான். அப்போதுதான் எனக்கு அந்தக் கட்டுப்பாடு தெரிந்தது: சிரிக்கலாம், கேலி பண்ணலாம், குழந்தையை எலி என்னலாம், கத்திரிக்காய் என்னலாம். ஆனால் இது விளையாட்டு என்று மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் எமன் காதில் விழுந்துவிடும், வியாபாரம் செல்லாது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு நங்கை தவிட்டை எடுத்துக்கொண்டு போனாள். “ஏனுங்கம்மா, உங்க தவிட்ட எங்கூட்டு எருமை மோந்துகூடப் பாக்கலீங்க. மாத்திக் குடுங்க” என்று அதைத் திருப்பிக் கொட்டி, குழந்தையை வாங்கிக்கொண்டு வந்தாள். அவனுக்குத் தவிடன் என்றே பேர் வைத்தார்கள். நல்ல திடகாத்திரமாக இன்றைக்கும் அண்ணன் காட்டில் ஏர் ஓட்டுகிறான்.

3

எனக்கும் என் சம்சாரம் பாவாயிக்கும் இந்தத் தோட்டத்துக்கு வந்த பிறகு இரண்டு குழந்தைகள் பிறந்து, இரண்டும் காய்ச்சலில் போய்விட்டன. இரண்டையும் பால்மரங்களுக்குப் பின்னால் மேட்டில் புதைத்தோம். மூன்றாவது வயிற்றில் இருக்கும்போதே பாவாயி சொல்லிவிட்டாள்.

“இத வித்துப்போடோணுமுங்க.”

“யாருக்கு விக்கிறது? லயத்துல அத்தனை பேரும் நம்மாட்டம் காய்ச்சல்காரங்கதானே?”

“பெரிய பங்களாவுக்குள்ள காய்ச்சல் போறதே இல்லீங்க. தொரைசானியம்மாகிட்டயே வித்துப்போடலாம். அவங்களவிட அந்நியம் யாரு?”

நான் அப்போது தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் பூச்செடி பார்க்கிற வேலையில் இருந்தேன். துரையின் சம்சாரம் துரைசானி சீமையிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. வேலை போய்விடுமோ, துரை சுட்டுப்போடுவாரோ, குழந்தையைத் தொடமாட்டேன் என்று அந்த அம்மா சொல்லிவிட்டால் அது அபசகுனமோ என்று பிரசவம் வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் பாவாயி மேட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்தால் நான் சரி என்று தலையாட்டிவிடுவேன்.

குழந்தை பிறந்து தீட்டுக் கழிந்ததும், துரை வெளியூர் போயிருந்த ஒரு நாளில் ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணியின் காலில் விழுந்தேன். கும்பகோணத்துப் பக்கத்து மனுஷர். தோட்டத்தில் துரைசானியோடு இங்கிலீஷ் பேசத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

“குழந்தையை வாங்கிக்கொள்ளச் சொல்ல வேண்டும், அவ்வளவுதானே?” என்றார். “தவிட்டை ஏன் கேட்கிறீர்கள் என்று அம்மா கேட்டால் என்னய்யா சொல்வது?”

பாவாயி என் முதுகுக்குப் பின்னாலிருந்தே பேசினாள். “என்ன வேணும்னாலும் சொல்லுங்க சாமி. வெளையாட்டுன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க. சொன்னாப் பலிக்காது.”

எங்கள் தப்பு அங்கேதான். ஊரில் யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். வாங்குகிறவளுக்கும் தெரியும், எருமைக்கும்கூடத் தெரியும். இந்த அம்மாவுக்கு யாராவது சொன்னால்தானே தெரியும்? அது எங்கள் இரண்டு பேர் புத்திக்கும் எட்டவில்லை.

துரைசானி பின்கட்டுப் படியில் வந்து நின்றார். கிராணி தொப்பியைக் கழற்றிக்கொண்டு கொஞ்சம் பேசினார். அந்த அம்மா முறத்துக்குள் பார்த்தார், பாவாயியைப் பார்த்தார், மறுபடி முறத்துக்குள் பார்த்தார். பிறகு ஏதோ கேட்டார். அதில் ‘கிட்’ என்ற ஒரு சொல் மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

குதிரை லாயத்திலிருந்து தவிடு வந்தது. துரைசானி இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் பாவாயியின் மடியில் போட்டார். மடி நிரம்பி வழிந்தும் போட்டுக்கொண்டே இருந்தார். பேரம் பேசவில்லை, எலிக்குஞ்சு என்று சொல்லவில்லை. குழந்தையை நெஞ்சோடு சேர்த்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

4

வேலிக்கு இந்தப்புறம் உட்கார்ந்து சாயங்காலத்துக்குக் காத்திருந்தோம். எனக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை. என் மகனைப் பார்த்து ஏன் ஆட்டுக்குட்டி என்றார்? எங்கள் பக்கம் ஒரு குட்டியைத் தவிடு வைத்து வளர்த்தால் அது வெட்டுக்குத்தான் என்று உங்களுக்குத் தெரியாதா? இதைப் பாவாயியிடம் சொன்னால் அங்கேயே விழுந்துவிடுவாள். ஓடிப்போய்க் கிராணியைப் பிடித்துக் கேட்டேன்.

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ஏனய்யா, வெள்ளைக்காரன் என்ன பூதமா? கிட் என்றால் ஆட்டுக்குட்டி புத்தகத்தில். வாய்ப்பேச்சில் குழந்தையைத்தான் செல்லமாக அப்படிச் சொல்வார்கள். நீங்கள் குட்டி என்று கூப்பிடுவதில்லையா?”

பெருமூச்சு விட்டேன். இங்கிலீஷில் எனக்கு ஒரு வார்த்தைக்கு இரண்டாவது அர்த்தம் தெரிந்த முதல் நாள் அது. அந்தச் சந்தோஷம் வேலிக்குத் திரும்பி வருகிற வரைக்கும்தான் இருந்தது.

பங்களாச் சமையல்காரர் வேலிப் பக்கம் வந்து நின்றிருந்தார். “என்னப்பா காரியம் பண்ணீங்க? அம்மா பூட்டிக் கிடந்த ரூமைத் திறக்கச் சொல்லிட்டாங்க. தொட்டிலைத் துடைச்சுப் போட்டாச்சு. டவுனுக்கு ஆள் போயிருக்கு, பால் புட்டி வாங்க.”

“எந்தத் தொட்டில்?” என்றாள் பாவாயி.

“அவங்களுக்கும் ஒண்ணு இருந்துச்சும்மா. சீமையில வச்சுச் செத்துப்போச்சு. தொட்டிலை மட்டும் கப்பல்ல கொண்டாந்தாங்க.”

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பாவாயி எழுந்துவிட்டாள். விளக்கு வைக்கிற நேரம்வரை பொறுக்கவில்லை. மடியில் தவிட்டைக் கட்டிக்கொண்டு நேரே பின்கட்டுப் படிக்குப் போய், “அம்மா, அம்மா” என்று கூப்பிட்டாள். துரைசானி குழந்தையோடு வந்தார். பாவாயி மடியைக் காட்டினாள், குழந்தையைக் காட்டினாள், கையை நீட்டினாள். அந்த அம்மா தலையை ஆட்டிக் குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டார். பசியில் குழந்தை வீரிட்டுக்கொண்டிருந்தது. பாவாயியின் ரவிக்கை நனைந்து பால் வயிற்றில் வழிந்தது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்திக்கு இன்னொருத்தி பாஷை தெரியாது.

கிராணி ஓடிவந்தார். பாவம், அவருக்கும் வேர்த்துக் கொட்டியது. துரைசானி அவரைப் பார்த்து உரக்கக் கேட்டார். அவர் கைகளைப் பிசைந்தார். ஏதோ சொல்ல ஆரம்பித்தார், நிறுத்தினார், மறுபடி ஆரம்பித்தார். கடைசியில் ஓர் அசட்டுச் சிரிப்போடு அவர் சொன்னது என் காதில் அச்சடித்த மாதிரி நிற்கிறது:

“தே வேர் ஒன்லி கிட்டிங், மேடம்.”

துரைசானியின் முகம் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிட்டது. குழந்தையைப் படியில் கிடந்த கூடையில், துணியோடு, மெள்ள வைத்தார். திரும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கிட் என்றால் குழந்தை என்று சற்றுமுன்தானே கற்றிருந்தேன். கிட்டிங் என்று கிராணி சொன்னார், குழந்தை திரும்பி வந்தது. ஆகவே கிட்டிங் என்றால் ‘குழந்தை எங்களுடையது’ என்று முடிவு பண்ணிக்கொண்டேன். யாரைப் போய்க் கேட்கிறது? அம்மை குத்துகிற இடத்தில் சொன்னேன், பேர் பதிகிற ஆபீஸில் சொன்னேன். எங்கே சொன்னாலும் சிரித்தார்கள். நல்ல வார்த்தை, வெள்ளைக்காரனைச் சிரிக்க வைக்கிறது என்றுதான் நினைத்தேன்.

துரைசானி அதற்கப்புறம் நான் பூச்செடிக்குத் தண்ணீர் விடும்போது வெளியில் வரவே இல்லை. சில வாரத்தில் என்னைப் பங்களாவிலிருந்து எடுத்து ரப்பர் புகை போடுகிற கொட்டகைக்கு மாற்றினார்கள். தொட்டில் துடைத்த கோபம் என்று நினைத்தேன். பிறகு துரை இறந்துபோனார். அந்த அம்மா சீமைக்குப் போகாமல் டவுனில் மாதாகோயிலுக்குப் பின்னால் தனியாக இருக்கிறார் என்று கேள்வி. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இப்போது பஸ் நிறுத்தத்தில் என் மகன் சொல்கிறான், கிட்டிங் என்றால் ஏமாற்றிச் சிரிப்பது என்று. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் ஒரு பிள்ளையைக் கொடுத்து, தொட்டிலைத் துடைக்க வைத்து, சும்மா விளையாட்டுக்கு என்று சொல்லிப் பிடுங்கினோம் என்றுதானே அந்த அம்மா இத்தனை வருஷமும் நினைத்திருப்பார்?

5

வீட்டுக்கு வந்து பாவாயியிடம் சொன்னபோது அவளுக்கும் முகம் வெளுத்தது. ஆனால் வேறு காரணத்துக்கு.

“அன்னைக்கேவா கிராணி சொல்லிப்போட்டாரு? வெளையாட்டுன்னா? வாய்விட்டா?”

“ஆமா பாவாயி. நம்ம முன்னாடியே சொன்னாரு. நமக்குத்தான் புரியல.”

அவள் ஓடிப்போய் உள்ளே பாடம் படித்துக்கொண்டிருந்த பையனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். “என்னம்மா?” என்று அவன் சிடுசிடுத்தான். அவள் திரும்பி வந்து சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் விரலை மடக்கி மடக்கி ஏதோ யோசித்தாள். பிறகு அவள் முகம் தெளிந்தது.

“பரவாயில்லீங்க. வியாபாரம் செல்லும்.”

“எப்படிச் செல்லும்? வாய்விட்டுச் சொன்னாச் செல்லாதுன்னு நீதானே சொன்ன?”

“நான் தவிட்டத் திருப்பிக் குடுக்கலீங்களே.”

எனக்கு விளங்கவில்லை.

“மடியில கட்டிட்டுத்தான் போனேன். அந்தம்மா புள்ளையக் கூடையில வெச்சப்ப மொகத்தப் பாத்தேன். அவங்க அழுவலீங்க. அழுதிருந்தாத் தேவலை. அந்த மொகத்துக்கு முன்னால மடிய அவுத்துக் கொட்ட எனக்குக் கை வரல. புள்ளைய மட்டும் தூக்கிட்டு வந்துட்டேன். தவிட்டப் பால்காரர் மாட்டுக்கு வெச்சுப்போட்டேன்.”

“அப்படின்னா?”

“அப்படின்னா என்னங்க? வாங்குனவங்க வாங்குனவங்கதான். அவங்க புள்ளைய நான் வளத்தறேன்.”

அவள் அதைச் சோற்றுக்கு உப்புப் போதுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள். துரைசாமி என்று பேர் வைக்க வேண்டும் என்று அவள் அடம்பிடித்தது எனக்கு ஞாபகம் வந்தது. அவன் எவ்வளவு குறும்பு பண்ணினாலும் அவள் கை ஓங்கியதில்லை. அவனை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் போட வேண்டும் என்று என்னோடு சண்டை போட்டவளும் அவள்தான். பிள்ளையை என்னிடமிருந்து நகர்த்துகிறது அந்தப் பள்ளிக்கூடம் என்று நான் நொந்துகொண்டிருந்தேன். அவள் கணக்கில் அவன் ஆரம்பத்திலிருந்தே என் பிள்ளை இல்லை.

“இத ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“சொன்னா நீங்க பயந்துக்குவீங்க.”

துரைசாமி கதவோரம் வந்து நின்றிருந்தான். எவ்வளவு கேட்டானோ தெரியவில்லை. சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை.

“அந்தத் துரைசானியா? மாதாகோயிலுக்குப் பின்னாடி, பச்ச ஜன்னல் வீடா?” என்றான். “தெனம் பஸ்ஸு அந்த வழியாத்தான் போவுது. ஒரு வெள்ளைக்காரப் பாட்டி வாசல்ல நிக்கும்.”

“போயிச் சொல்லிப்போடோணுமுங்க” என்றாள் பாவாயி. “நாம சிரிக்கலைன்னு சொல்லோணும்.”

6

நான் மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். போனால் விரட்டுவாரோ, நாயை விடுவாரோ, பிள்ளையைக் கொடு என்று கோர்ட்டுக்குப் போவாரோ என்று எனக்கு ஆயிரம் யோசனை. கடைசியில் பாவாயி என்னைக் கேட்காமலே பையனைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான் பின்னாலேயே ஓடிப்போய் பஸ்ஸில் ஏறினேன்.

துரைசானி நன்றாக மெலிந்துபோயிருந்தார். தலை முழுக்க நரை. எங்களை அடையாளம் தெரியவில்லை. பூச்செடி வேலைக்காரன் என்று நான் சொன்னதும் கதவைப் பிடித்துக்கொண்டார். பாவாயி பையனின் பிடரியைத் தள்ளி, “கால்ல உழு சாமி” என்றாள். அவன் வெட்கப்பட்டுக் கையை நீட்டினான். அந்த அம்மா அந்தக் கையைப் பிடித்தார். அப்படியே பிடித்துக்கொண்டு பாவாயியைப் பார்த்தார்.

துரைசாமி இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னான். மேட்டில் வைத்த இரண்டு குழந்தைகளை, தவிட்டை, எமனை, வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்ற கட்டுப்பாட்டை. நடுநடுவே வார்த்தை கிடைக்காமல் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். நான் பார்த்து அவன் பாடம் தவிர வேறு எதையும் இவ்வளவு நேரம் பேசினதில்லை.

அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் தோட்டத்துத் தமிழ் கொஞ்சம் வந்திருந்தது. பாவாயியிடம் நேராகவே கேட்டார்.

“அன்னிக்கு லயத்திலே எல்லாரும் சிரிச்சது?”

“யாருங்கம்மா சிரிச்சா?” என்றாள் பாவாயி. “நாங்க பயந்துட்டுக் கெடந்தோமுங்க. நீங்க தவிடு போட்டீங்க பாருங்க, மடி வழியறாப்பல. அதனாலதானுங்க இவன் பொழச்சான்.”

பையன் அதையும் இங்கிலீஷில் சொன்னான். துரைசானி முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். நான் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுபடி அந்த அம்மா நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது. ஆனால் லேசாகச் சிரித்தார். பாவாயியின் மடியைக் காட்டினார்.

“இப்போ தவிடு திருப்பி வாங்கணுமா? பையனை உனக்குத் திருப்பித் தரணுமா?”

“ஐயோ, வேண்டாங்கம்மா!” என்று பாவாயி பதறிப்போய் இரண்டு கையையும் ஆட்டினாள். “இன்னும் சின்னப் பையனுங்க. காய்ச்சல் காலம் வேற. உங்குளுதாவே இருக்கட்டும்!”

எனக்கு மூச்சே நின்றுவிட்டது. அந்த அம்மாவுக்கும்தான் என்று நினைக்கிறேன். பிறகு துரைசாமியைப் பார்த்து ஏதோ சொன்னார். பஸ்ஸில் அவனைக் கேட்டேன்.

“என் இங்கிலீஷ் மோசமாம். ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம வரச் சொல்றாங்க. சொல்லித் தாராங்களாம்.”

அவன் போய்க்கொண்டிருக்கிறான். காலையில் போகிறான், அங்கேயே சாப்பிடுகிறான். திரும்பி வந்தால் அவன் நடக்கிற நடை கொஞ்சம் மாறியிருக்கிற மாதிரி எனக்குத் தோன்றுகிறது, பாவாயிக்குத் தோன்றவில்லையாம். சாயங்கால பஸ் வருகிற நேரத்துக்கு நான் ரோட்டில் போய் நிற்கிறேன். கடைசி வளைவில் வெளிச்சம் தெரிகிற வரைக்கும் ரோட்டைவிட்டுக் கண்ணை எடுப்பதில்லை. ஒரு நாள் பாவாயியையும் கூப்பிட்டேன்.

அவள் அடுப்பிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. “எதுக்குங்க நிக்கறீங்க?” என்றாள். “அவனோட ஊட்டுக்குத்தானே போயிருக்கான்.”